படத்தின் பின்பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய பர்மா படங்கள் ஆறு போட்டிருந்தீர்கள். நான் அறந்தாங்கியில் நாற்பத்திரண்டு வருஷம் ஸ்டூடியோ நடத்தியவன். அப்பா 1948-இல் ஆரம்பித்த கடை. இப்போது கடை இல்லை, ஒரு கண்ணில் புரையும் எடுத்தாயிற்று. ஆனாலும் பேப்பரில் பழைய படம் வந்தால் பூதக்கண்ணாடி வைத்து ஒருமுறை மேய்ந்துவிட்டுத்தான் மடித்து வைப்பேன். அப்படிப் பார்த்ததில் மூன்றாவது படத்துக்கு மேல் என்னால் நகர முடியவில்லை.

கண்ணைக் கட்டி நிறுத்தப்பட்ட சிலர். எதிரே துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள். கீழே உங்கள் வரி: "கொள்ளையர்களுக்குத் தண்டனை. பர்மா, 19-ஆம் நூற்றாண்டு. படம்: இணையம்." அதற்கும் கீழே நகைக்கடை விளம்பரம், செய்கூலி இல்லை சேதாரம் இல்லை என்று. விளம்பரம் உங்கள் பிழைப்பு, அதில் நான் தலையிடவில்லை. படத்துக்கு அடியில் இருக்கிற அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இணையம் என்ற பெயரில் எந்தப் போட்டோகிராபரும் எனக்குத் தெரிந்து இருந்ததில்லை. இந்தப் படத்தை எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். 1858-இல் மதராஸ் குதிரைப்படையில் சேர்ந்த ஆங்கிலேயர். கேமரா பைத்தியம். 1885 நவம்பரில் மூன்றாவது பர்மா யுத்தத்துக்குக் கிளம்பிய படையில் அவருக்குக் கிடைத்த பதவி 'ப்ரொவோஸ்ட் மார்ஷல்'. படை பிடித்த ஊரில் ஒழுங்கைக் கவனிப்பதும், மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்கு அதை நிறைவேற்றுவதும் அந்தப் பதவிக்காரர் வேலை. அதாவது, நீங்கள் போட்ட படத்தில் தண்டனையை நிறைவேற்றியவரும் கேமராவுக்குப் பின்னால் நின்றவரும் ஒரே ஆள். உங்கள் வரியில் இது இல்லை. இது இல்லாவிட்டால் அந்தப் படம் வேறு படம்.

அந்தக் கால கேமரா எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். இது தெரிந்தால்தான் நான் ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

முக்காலியில் மரப்பெட்டி. பின்னால் சொரசொரப்பான கண்ணாடி. தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தால் அந்தக் கண்ணாடியில் எதிரே நிற்பவர்கள் தலைகீழாகத் தெரிவார்கள். துருத்தியை முன்னும் பின்னும் நகர்த்திக் கூர்மை பார்க்க வேண்டும். பிறகு லென்ஸை மூடி, கண்ணாடிக்குப் பதிலாக, படம் பதிகிற மருந்து பூசிய கண்ணாடித் தட்டு வைத்த சட்டத்தைச் செருகி, அதன் மூடுபலகையை இழுத்து, கடைசியில்தான் வெளிச்சம் விடுவது. 1860-களில் இதைவிடப் பாடு. தட்டில் கலவை ஊற்றி, வெள்ளி உப்புத் தொட்டியில் முக்கி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். 1885-க்குள் ஜெலட்டின் பூசிக் காயவைத்த டிரை பிளேட் வந்துவிட்டது. பட்டென்று எடுக்கலாம். 'பட்டென்று' என்பது தட்டுக்குத்தான். துணிக்குள் நுழைந்து, கூர்மை பார்த்து, சட்டம் செருகுகிற நேரம் அப்படியேதான் இருந்தது. என் அப்பாவுக்குக் கை அவ்வளவு வேகம், அவருக்கே ஒரு தட்டுக்கு முக்கால் நிமிஷம் ஆகும்.

இப்போது 1886 ஜனவரியில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்காக பர்மிய மன்னரின் தலைநகரான மாண்டலேயில் இருந்த நிருபர் அனுப்பிய தந்தியைப் பாருங்கள். சிப்பாய்களுக்கு 'தயார்' சொல்லியாயிற்று, 'குறி பார்' சொல்லியாயிற்று, 'சுடு' மட்டும் பாக்கி. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ப்ரொவோஸ்ட் மார்ஷல் கைதிகள் மேல் கேமராவைத் திருப்பிச் சரிசெய்கிறார், குண்டு படுகிற கணம் தட்டில் விழ வேண்டும் என்பதற்காக. சில நேரம் கைதிகள் நிமிஷக்கணக்கில் அப்படியே நிற்கிறார்கள். அவர் தட்டைத் திறக்கும் நேரம் பார்த்துத்தான் 'சுடு' உத்தரவு. தந்தியின் சாரம் இவ்வளவு.

நாற்பத்திரண்டு வருஷம் "ஆடாம இருங்க, மூச்சைப் பிடிங்க" என்று சொல்லியே சோறு தின்றவன் நான். கல்யாணப் பெண், கைக்குழந்தை, ரேஷன் கார்டுக்கு வந்த கிழவர், எல்லோரும் ஆடியிருக்கிறார்கள். உங்கள் படத்தில் கண் கட்டப்பட்டு நிற்பவர்களில் ஒருவர்கூட ஆடவில்லை.

லண்டனில் பெரிய கூச்சல் எழுந்தது. பாராளுமன்றத்தில் கேள்வி வந்தது. அப்போது லண்டனில் இந்திய விவகார மந்திரியாக இருந்த ராண்டால்ஃப் சர்ச்சில் விளக்கம் கேட்டார். வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பாதான் அவர். விசாரணை நடந்தது, ஹூப்பர் கண்டிக்கப்பட்டார். வேலை போகவில்லை. 1896-இல் ஓய்வு பெற்று ஊருக்குப் போய் 1912-இல் காலமானார். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். தந்தி கொடுத்த நிருபர் மொய்லானுக்கும் படைத்தளபதி ப்ரெண்டர்காஸ்டுக்கும் ஏற்கெனவே ஆகாது. தணிக்கைத் தகராறில் தளபதி அவரை பர்மாவை விட்டே வெளியேற்றி, மேலிடம் சொல்லித் திரும்ப விட வேண்டியதாயிற்று. ஆகவே நிருபர் கொஞ்சம் காரம் கூட்டி எழுதியிருக்கலாம். ஆனால் ஹூப்பர் கண்டிக்கப்பட்டது நிருபரின் காரத்துக்காக அல்ல.

கவனித்தீர்களா, இந்த விஷயம் எதுவும் படத்தில் இல்லை. படத்தில் எங்குமே கேமரா தெரியாது. தந்தியும் விசாரணைக் காகிதமும் இருந்ததால்தான் படத்துக்கு வெளியே நின்ற ஆள் யார் என்பது நமக்குத் தெரிகிறது. படம் ஒரு கட்டுக்குள், காகிதம் இன்னொரு கட்டுக்குள். இணையத்தில் படம் மட்டும் ஓடுகிறது, காகிதம் ஓடுவதில்லை.

சரி, அடுத்த விஷயம். இந்த ஹூப்பர் நமக்குப் புதியவர் இல்லை. தாது வருஷப் பஞ்சத்தின் படங்களை எடுத்தவரும் இவரே. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தில் எடுத்தவை. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி உட்கார்ந்திருக்கும் ஆண்கள், பெண்கள், குழந்தைகள். அந்தப் படங்களைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். என் பாட்டியின் அம்மா தாது வருஷத்தைத் தாண்டி வந்தவர். எங்கள் வீட்டில் யாராவது சோற்றை ஒதுக்கினால் பாட்டி சொல்வது "தாது வருஷம் தெரியுமாடா உனக்கு?" என்பதுதான். நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க வந்த வெள்ளைக்கார அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்ட காலம் அது. பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை, மண் சுமக்கிறவனுக்கு.

அந்தப் பஞ்சப் படங்களையும் தொழில்காரன் கண்ணால் பாருங்கள். கூட்டத்தை வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள். உயரமானவர் பின்னால், குழந்தை முன்னால், கல்யாண குரூப் போட்டோ மாதிரி. எலும்பும் தோலுமாக இருப்பவர்களை அப்படி நகர்த்தி உட்கார வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒருவருக்குக்கூடப் பெயர் எழுதி வைக்கவில்லை. இன்று அதே படங்கள் 1943 வங்காளப் பஞ்சம் என்று என் வாட்ஸ்அப்புக்கே இரண்டு தடவை வந்துவிட்டன. அனுப்பியவர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரைச் சொல்லி என்ன பயன், யாரோ ஒருவர் முதலில் கீழே இருந்த வரியை வெட்டிவிட்டுப் போட்டார், அவ்வளவுதான்.

பஞ்சமும் பர்மாவும் நம் பக்கத்து ஆட்களுக்கு இரண்டு தனிக் கதைகள் அல்ல. பஞ்சத்துக்குப் பிறகு ரங்கூன் கப்பலேறியவர்கள் ஏராளம். யுத்தப் படையில் ஒரு பெரிய பகுதி மதராஸிலிருந்துதான் கிளம்பியது. ஹூப்பர் 1887-இல் வெளியிட்ட நூறு படங்கள் கொண்ட ஆல்பத்தின் தலைப்பிலேயே 'மதராஸில் கப்பலேறியது முதல், 1885 நவம்பர் 1' என்ற பொருளில் வருகிறது. தளபதி ப்ரெண்டர்காஸ்ட் மதராஸில் பிறந்தவர், மதராஸ் இன்ஜினியர்ஸ் ஆள். மதராஸ் காலாட்படையும், பாதையும் பாலமும் போடுகிற மதராஸ் சாப்பர்களும் போனார்கள். அவர்களோடு டோலி தூக்கியவர்கள், கூடாரம் அடித்தவர்கள், சமையல்காரர்கள். நவம்பர் 17-இல் மின்ஹ்லா கோட்டை விழுந்தது, 28-இல் மாண்டலே. மறுநாளே பர்மாவின் திபா மன்னரைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அவரைக் கொண்டுவந்து முதலில் வைத்ததும் மதராஸில்தான்; அடுத்த வருஷம் ரத்னகிரிக்கு மாற்றினார்கள், அங்கேயே 1916-இல் இறந்தார்.

உங்கள் பக்கத்தின் தலைப்பு 'எல்லைப்புறக் காட்சிகள்'. எந்த எல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டாவது பர்மா யுத்தத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் எல்லை, ஐராவதிக் கரையில் இருக்கிற தயெட்மியோ என்ற ஊருக்குச் சற்று வடக்கே நின்றது. 1886 ஜனவரி 1-இல் மேல் பர்மாவைச் சேர்த்துக்கொண்டதும் எல்லை சின் மலைக்கும் கச்சின் மலைக்கும் நகர்ந்தது. 1889-90-இல் சின், லுஷாய் மலைமக்கள் மேல் படையெடுப்பு. எல்லை நகர நகர அதோடு கேமராவும் நகர்ந்தது. இதனால்தான் அந்தப் பகுதிப் படங்களில் நமக்குக் கிடைப்பது எல்லாம் அதிகாரியின் முகாமிலிருந்து பார்த்த கோணம்: கோட்டைச் சுவர், படகு, வரிசையில் நிற்கும் கைதி, 'மலைச்சாதி ஆள், முன்பக்கம், பக்கவாட்டு'. எதிர்ப்பக்கத்தில் கேமரா அபூர்வம். அவர்களிடம் ஏடு இருந்தது. மாண்டலே அரண்மனை ஏடுகளில் பெரும்பகுதி அந்தச் சமயத்தில் அழிந்தது. அரண்மனையே 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் எரிந்தது.

அப்புறம் அந்தக் 'கொள்ளையர்'. வெள்ளைக்காரன் 'டெகாய்ட்' என்று எழுதியதை நீங்கள் அப்படியே தமிழாக்கியிருக்கிறீர்கள். மன்னரை இரண்டே வாரத்தில் தூக்கியாயிற்று, ஆனால் சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கலைக்கப்பட்ட படையாட்கள், மியின்சைங் இளவரசர் மாதிரி அரச குடும்பத்தவர் பின்னால் திரண்டவர்கள், ஊர்த் தலைவர்கள், நிஜமாகவே வழிப்பறி செய்தவர்கள், எல்லோருக்கும் காகிதத்தில் ஒரே பெயர். வெறும் வழிப்பறிக்காரர்களை அடக்க 1887-க்குள் முப்பதாயிரத்துக்கு மேல் துருப்பு எதற்கு? தலைமை கமிஷனர் க்ராஸ்த்வெயிட் கிராமத்துக்குக் கிராமம் கூட்டுத் தண்டனை போட்டது எதற்கு? உங்கள் படத்தில் நிற்பவர்கள் இதில் எந்த வகை என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, சுட்டவன் வைத்த பெயரை நூற்று நாற்பது வருஷம் கழித்து நாமும் வைக்க வேண்டுமா? மேற்கோள் குறியாவது போட்டிருக்கலாம்.

கலர் விஷயத்துக்கு வருகிறேன். இது கொஞ்சம் கோபமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கணினியில் வண்ணம் ஏற்றிப் போட்டிருக்கிறீர்கள். வானத்துக்கு நீலம், சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை. அந்தக் காலத் தட்டுக்குச் சிவப்பு என்ற நிறமே தெரியாது. தெரியாததால்தானே டார்க் ரூமில் நாங்கள் சிவப்பு விளக்கு போட்டு வேலை செய்தோம்! சிவப்புத் துணி அதில் கறுப்பாக விழும். நீலம் வெள்ளையாக விழும், அதனால்தான் பழைய படங்களில் வானம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. படத்தில் கறுப்பாகத் தெரிவது சிவப்பா, கரும்பச்சையா, கறுப்பேதானா என்று எடுத்தவரே எழுதி வைத்தால்தான் உண்டு. கணினி ஊகிக்கிறது, நீங்கள் அச்சடிக்கிறீர்கள், பத்து வருஷம் கழித்து அது ஆதாரமாகிவிடும். போதாததற்கு இடப்பக்கம் ஓரத்தை வெட்டியும் இருக்கிறீர்கள், விளம்பரத்துக்கு இடம் போதவில்லை போலும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ஹூப்பரின் அச்சுப் படங்கள் இருக்கின்றன. முழுசாக, தலைப்போடு. என் மகள் கணினியில் எடுத்துக் காட்டினாள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அந்த நூலகத்தின் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். கண்ணாடித் தட்டு உடையும் என்று நாங்கள் பயந்தோம். அவர்களுக்கு வேறு பயம்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்றால், இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

1964-இல் பர்மாவில் நே வின் அரசாங்கம் கடைகளைத் தேசியமயமாக்கியது, ஐம்பது, நூறு சாட் நோட்டுகளைச் செல்லாதாக்கியது. நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். 1965-இல் எனக்குப் பதினான்கு வயது, பள்ளிக்கூடம் விட்டதும் டார்க் ரூம்தான். எங்கள் பக்கம் பர்மாவுக்குப் போகாத ஊர் கிடையாது என்பதால் திரும்பி வந்தவர்களும் அதிகம். கடன் மனுவுக்கு, அடையாள அட்டைக்கு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க என்று எங்கள் ஸ்டூடியோவுக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். லுங்கியை முன்பக்கம் முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்கள். ஒரு அம்மா முகத்தில் சந்தன நிறத்தில் ஏதோ பூசியிருந்தார். அது பர்மியப் பெண்கள் மரப்பட்டையை அரைத்துப் பூசுகிற தனகா என்று பிறகு தெரிந்தது. படத்தில் தெரியும், துடைத்துவிட்டு வாருங்கள் என்று அப்பா சொன்னார். அந்த அம்மா துடைக்க மாட்டேன் என்றுவிட்டார். அப்பா சிரித்துக்கொண்டே அப்படியே எடுத்தார்.

அப்பா ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் எண் கீறி, ஆர்டர் புத்தகத்தில் அதே எண்ணுக்கு நேரே பெயர், ஊர், எத்தனை காப்பி என்று எழுதுவார். பிரிண்டின் பின்பக்கம் பென்சிலில் அதே எண். பின்பக்கம் எழுதாத படம் அநாதைப் பிணம் என்பார். கடுமையான பேச்சுதான், அவர் அப்படித்தான்.

அப்பா போன பிறகு, 1979-இல், ரோல் பிலிமுக்கு முழுசாக மாறினோம். தட்டு அடுக்கிய பெட்டிகள் பாதி அறையை அடைத்துக்கொண்டிருந்தன. கண்ணாடி விலை ஏறிய சமயம். படச் சட்டம் போடுகிற ஒருவர் வந்து, கழுவிக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வெந்நீரில் சோடா உப்புக் கரைத்து ஊற வைத்தால் ஜெலட்டின் ஆடை மாதிரி உரிந்து வரும். மூன்று நாள் உட்கார்ந்து உரித்தேன். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். உரிந்த முகங்கள் சாக்கடையில் போயின. கண்ணாடி, யார் யார் வீட்டுச் சாமி படங்களுக்கோ மேலே போயிற்று. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடன் கொஞ்சம் அடைந்தது, அதுதான் தோன்றியது.

ஆர்டர் புத்தகங்களை மட்டும் ஏனோ போடவில்லை. நான்கு புத்தகம் இருக்கின்றன. 1964 முதல் 1967 வரை பர்மாவிலிருந்து வந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அப்பா 'ப' என்று சுழித்திருப்பார், அவர்களுக்குக் காசு குறைத்து வாங்க வேண்டும் என்பதற்காக. எண்ணிப் பார்த்தேன், 316 'ப' இருக்கிறது. ஹூப்பர் படங்களில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. என்னிடம் பெயர் இருக்கிறது, முகத்தை நானே கழுவிவிட்டேன். மூன்றாவது படத்தைப் பார்த்ததிலிருந்து இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் படத்தைப் போட்டிருக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். மறைத்தால் ஹூப்பருக்குத்தான் லாபம். அடுத்த ஞாயிறு அரைக்கால் பத்தி இடம் ஒதுக்கி, எடுத்தவர் யார், எந்த ஊர், எப்படி எடுத்தார், படம் எங்கே இருக்கிறது என்று போடுங்கள். இனி எந்தப் பழைய படம் போட்டாலும் முழுசாக, கலர் அடிக்காமல், மூலத்தில் எழுதியிருக்கும் தலைப்பை மேற்கோள் குறிக்குள் கொடுத்துவிட்டு உங்கள் தலைப்பைத் தனியாகப் போடுங்கள். இடம் இல்லை என்றால் ஆறு படத்துக்குப் பதில் இரண்டு போதும்.

இன்னொன்று வாசகர்களுக்கு, நீங்கள் அனுமதித்தால். அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, கீரமங்கலம் பக்கத்தில் யார் வீட்டிலாவது 1967-க்கு முந்தைய ஸ்டூடியோ படம் இருந்தால் சட்டத்திலிருந்து பதமாக எடுத்து, பின்பக்கம் பென்சிலில் எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த எண்ணை மட்டும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதிப் போடுங்கள், படத்தை அனுப்ப வேண்டாம். என் புத்தகத்தில் பார்த்து யார், எந்தத் தேதி, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று எழுதி அனுப்புகிறேன். பிறகு அந்தப் புத்தகங்களை எழும்பூர் ஆவணக் காப்பகம் வாங்கிக்கொள்ளுமானால் கொடுத்துவிட எண்ணம்.

உரிக்காமல் தப்பிய தட்டு பதினொன்று பரணில் கிடைத்தது. அதில் ஒன்றில் அந்த தனகா பூசிய அம்மா இருக்கிறார். எண் 4127. புத்தகத்தில் 4120 முதல் 4135 வரை உள்ள பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோ போட்டோகிராபர்,
அறந்தாங்கி.